பச்சையாகவே கடையுங்கள்: விழுந்த கொல்லை மரத்தில் கிண்ணம் செய்யும் முறை

கொல்லையில் ஒரு மரம் விழுந்தால் மறுநாளே மூன்று பேர் வருவார்கள். விறகுக்காரர், செங்கல் சூளைக்காரர், வேரைத் தோண்டித் தருகிறேன் என்று ஜேசிபிக்காரர். மூவருமே அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், இடம் காலியானால் போதும். ஆனால் அடிமரத்தில் ஓர் ஆறடியை மட்டும் நிறுத்தி வையுங்கள். ஓரடி விட்டமுள்ள பலாவோ பூவரசோ என்றால் அந்த ஆறடிக்குள் பத்துக் கிண்ணம் இருக்கிறது.

நான் பரம்பரைக் கடைசல்காரன் இல்லை. தொழிற்சாலையில் டர்னராக இரும்பு லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், நின்று ஓய்வு பெற்றவன். ஊர் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியதில் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும். என் கொல்லையில் தென்னைகளோடு ஒரு பலாவும் ஒரு பூவரசும் சாய்ந்தன. கட்டில்கால், தொட்டில்கட்டை, மத்து கடைந்துகொண்டிருந்த ஒரு பட்டறையை மூடியபோது அங்கிருந்த பழைய மர லேத்தை வாங்கி வைத்திருந்தேன். அதில் ஏற்றினேன். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் எந்த மரம் விழுந்தாலும் எனக்குப் போன் வருகிறது.

முதலில் வந்த எதிர்ப்பு எங்கள் தெரு ஆசாரியிடமிருந்து. "பச்சை மரத்தைக் கடைஞ்சா கோணிக்கும்ணே. ரெண்டு வருஷம் நெழல்ல போட்டு வைங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். அவர் சொல்வது கதவுக்கும் நிலைக்கும் நூற்றுக்கு நூறு சரி. கட்டில்காலுக்கும் சரி. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைபவர்கள் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவதும் இதனால்தான். ஆண்டுக்கணக்கில் ஆடி அடங்கிய கட்டை இனி அசையாது, சுருதியும் மாறாது. ஆனால் கிண்ணம் வேறு கணக்கு. ஒரு முழுக் கட்டையை இரண்டு வருடம் போட்டு வைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது நடுவிலிருந்து பட்டை வரை வெடித்த விறகு. கிண்ணத்துக்கு மரத்தைப் பச்சையாகவே, அதுவும் விழுந்த சில வாரத்துக்குள்ளேயே, கடைந்துவிட வேண்டும். பாதி மட்டும்தான். மீதியைக் காய்ந்த பிறகு.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. குழாய் போன்ற உள்வெளிகளில் சும்மா நிற்கும் தண்ணீர் முதலில் போகும். அதனால் மரம் சுருங்காது, எடைதான் குறையும். ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு நாரின் சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அப்போதுதான் ஆரம்பம். அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது. நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஒரு பங்கு என்றால் வளையத்தைச் சுற்றிய திசையில் அதைப்போல் இரண்டு பங்கு. சுற்றளவு அதிகம் சுருங்க வேண்டும், ஆரம் அவ்வளவு சுருங்காது. அப்படியானால் முழு உருளைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அதே மரத்தை நடுவைத் தவிர்த்துப் பிளந்து, குடைந்து, சுவரை மெலிதாக்கிவிட்டால் அது வளைந்து கொடுக்கும். வெயிலில் அப்பளம் வளைவதுபோலக் கிண்ணமும் நீள்வட்டமாக வளையும். வெடிக்காது. இரும்பில் ஒரு அளவைப் பிடித்தால் அது நாளைக்கும் நிற்கும் என்று பழகிய எனக்கு, இங்கே மரத்துக்கு அசைய இடம் விட்டுத்தான் அளவு வைக்க வேண்டும் என்பது பிடிபடக் கொஞ்சம் நாளாயிற்று.

சரி, எந்த மரம்?

பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். வேலியோரம் நிற்பதால் யாரும் மதிப்பதில்லை. வைரம் பாய்ந்த நடுப்பகுதி கருஞ்சிவப்பும் காவியும் கலந்து இருக்கும், காயும்போது அதிகம் ஆடாது, உளிக்கு இணங்கும். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மைலோ என்று சொல்லி, சாப்பாட்டுக் கிண்ணம் கடைந்த வழக்கம் உண்டு. நம் ஊரில் மாட்டுவண்டிக்கு உறுப்புச் செய்தார்கள்.

பலா என் முதல் தேர்வு. வெட்டியவுடன் மஞ்சளாக இருப்பது வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். வீணையும் மிருதங்கமும் இந்த மரத்தில்தான் ஆகின்றன என்றால் உறுதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தொல்லை பால். பச்சையில் கடையும்போது உளி, கை, லேத் படுக்கை எல்லாம் பிசுக்கும். பலாப்பழம் அறுக்கும்போது செய்வதையே செய்யுங்கள்: கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொடங்குங்கள். உளியில் ஒட்டியதை மண்ணெண்ணெய் துணியால் துடையுங்கள்.

மா எல்லா வீட்டிலும் விழும் மரம். வெளுத்த சாதுவான கட்டை, ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. மழைக்காலத்தில் முனைகளை மூடி நிழலில் போட்டுவைத்தால் சில வாரங்களில் பூஞ்சை உள்ளே ஓடி, கருப்புக் கோடும் சாம்பல் நீலமுமாகச் சித்திரம் வரைந்துவிடும். அதற்காகவே நான் மாங்கட்டையைக் கொஞ்சம் காக்க வைப்பேன். இன்னும் வைத்தால் மக்கிவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் உள்ளே போகிறது என்றால் காலம் தாண்டிவிட்டது. மாம்பால் பட்டுப் புண்ணாகும் உடம்பு உள்ளவர்களுக்கு மாந்தூளும் அரிக்கும். முழுக்கையை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வேம்பில் ரேகை ஒரு வரி இப்படியும் அடுத்த வரி அப்படியுமாகப் பின்னிக்கிடக்கும். உளி மழுங்கியிருந்தால் பிய்த்துவிடும். தூள் மூக்கை எரிக்கும். நிறம் அழகாகச் சிவந்து வரும், ஆனால் கசப்பு போகாது, சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வேண்டாம். சாவிக் கிண்ணம், நகைக் கிண்ணம் செய்யலாம். புளி கறிக்கடைக் கட்டைக்கு ஏன் போகிறது என்று ஒருமுறை கடைந்து பார்த்தால் தெரியும். உளியைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொய்யா சின்னக் கட்டை, நெருக்கமான நார். பம்பரத்துக்கும் பூரிக்கட்டைக் கைப்பிடிக்கும் அதற்கு இணை கிடையாது. முருங்கை, அகத்தி, பப்பாளியை மறந்துவிடுங்கள். அரளியைக் கடையவே கடையாதீர்கள், அதன் தூளும் விஷம்.

தென்னையைப் பற்றி எங்கள் பக்கம் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு வளையம் கிடையாது, வைரமும் கிடையாது. வெளிச்சுற்றில் இரும்பு, நடுவில் பஞ்சு. அடிமரத்தின் வெளிப்பகுதியில் மட்டும் கைப்பிடி, சின்னக் குப்பி போலக் கடையலாம். கருப்பு நார் புள்ளி புள்ளியாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள மணல்சத்து உளியின் முனையைத் தின்றுவிடும். கார்பைடு முனை போட்ட ஸ்கிரேப்பர் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

சந்தனம், செம்மரம், ஈட்டி, தேக்கு போன்றவை சொந்தக் கொல்லையில் தானாக விழுந்திருந்தாலும் வெட்டுவதற்கு முன்னும் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தெருவோரத்து மரம் உங்கள் வாசலில் கிடந்தாலும் உங்களுடையது அல்ல.

அறுப்பதற்கு முன்னால் ஆணி பாருங்கள். கொல்லை மரத்தைச் சாமில்லில் ஏன் முகம் சுளித்து வாங்குகிறார்கள் தெரியுமா? துணிக்கொடிக்கு அடித்த ஆணி, ஊஞ்சல் கொக்கி, தேர்தல் தட்டிக்கு அடித்தது, மாட்டைக் கட்டிய வளையம் எல்லாம் இருபது முப்பது வருடத்தில் மரத்துக்குள் புதைந்திருக்கும். வெளியே ஒரு தழும்புகூட இருக்காது. ஒரு பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தை நூலில் கட்டிப் பட்டையோரமாக நகர்த்தினால் மேலோட்டமாக இருப்பது தெரிந்துவிடும். ஆழத்தில் இருப்பதற்கு மரமே அடையாளம் காட்டும். அறுத்த முகத்தில் பேனா மை சிந்தியதுபோல் கருநீலக் கறை இருந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது, துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து அந்த நிறம். நான் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவேன். சுழலும் கட்டையில் உளி ஆணியில் மோதினால் போவது முனை மட்டுமல்ல.

வெட்டுவது இப்படி. கட்டையை முதலில் நீளமாகவே விடுங்கள். பட்டையை உரிக்காதீர்கள். வெட்டிய அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, இரண்டு முனைகளையும் மூடிவிடுங்கள். மரத்தில் தண்ணீர் முனைகளில்தான் மிக வேகமாக வெளியேறும், அங்கேதான் முதல் கீறல் விழும். உருக்கிய மெழுகு நல்லது. இல்லையென்றால் பெவிகால் இரண்டு பூச்சு. அதுவும் இல்லையென்றால் வீட்டுக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் பெயிண்ட் கெட்டியாக. பிறகு நிழலில், தரையில் படாமல், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கறையான் எங்கள் மண்ணில் ஒரு வாரம்கூடக் காத்திருக்காது.

கடையும் நாளன்று ஒரு துண்டம் மட்டும் வெட்டுங்கள். கட்டையின் விட்டம் 12 அங்குலம் என்றால் துண்டம் 13 அங்குல நீளம். முனையிலிருந்து முதல் இரண்டு அங்குலத்தைக் கழித்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் அதில்தான் இருக்கும். துண்டத்தை நிறுத்தி வைத்து, முகத்தில் வளையங்கள் தொடங்கும் நடுப்புள்ளியைத் தேடுங்கள். அது பெரும்பாலும் சரியான நடுவில் இருக்காது. சாய்ந்து வளர்ந்த மரத்தில் நன்றாகவே ஒதுங்கியிருக்கும். அந்தப் புள்ளி வழியாகவும் ஏற்கெனவே பெரிய வெடிப்பு இருந்தால் அதன் வழியாகவும் சாக்பீஸ் கோடு போட்டு, செயின்சாவால் இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த ஒவ்வொரு பாதியிலும் நடுப்புள்ளி ஓடிய பக்கத்தில் முக்கால் அங்குலத்தைச் சீவி எறியுங்கள். இந்த முக்கால் அங்குலத்தில் பிசினாறித்தனம் பார்த்தால் கிண்ணம் முழுவதும் போகும். நடுப்புள்ளி கிண்ணத்துக்குள் இருந்தால் அங்கிருந்து நட்சத்திரம் போல் வெடிக்கும்.

செயின்சா சொந்தமாக இல்லாதவர்கள் மரம் அறுக்க வந்தவரிடமே சாக்பீஸ் கோட்டைக் காட்டிச் சொல்லிவிடலாம். "அண்ணே, இந்தக் கோட்டுல மட்டும் நேரா விடுங்க" என்றால் டீக்காசு கூடக் கொடுத்தால் போதும், செய்து தருவார்கள்.

இப்போது உங்கள் கையில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பட்டையோடு வளைந்த அரைக்கட்டை. தட்டை முகத்தில் காம்பஸால் வட்டம் போட்டு, மூலைகளை வெட்டி எறியுங்கள். கைக்கோடரியும் போதும். எவ்வளவு வட்டமாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக லேத் ஆடும். பட்டைப்பக்கம் கிண்ணத்தின் அடி, தட்டைப்பக்கம் வாய்.

தட்டை முகத்தில் பேஸ்பிளேட்டை (லேத்தின் சுழலும் தலையில் மாட்டும் இரும்புத் தட்டு) வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். அந்த இடம் பிறகு குடைந்துபோகப் போவதால் ஓட்டை பற்றிக் கவலை இல்லை. ஆனால் ஜிப்சம் பலகைக்குப் போடும் கருப்பு ஸ்க்ரூ வேண்டாம். அது கடினம், வளையாது, பட்டென்று முறியும். தடித்த மர ஸ்க்ரூ ஆறாவது போடுங்கள். டெயில்ஸ்டாக்கை (லேத்தின் மறுமுனையில் நகரும் முட்டு) நெருக்கி எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுங்கள். கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் டூல்ரெஸ்டில் (உளியைத் தாங்கும் இரும்புத் தாங்கி) இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே சுவிட்ச்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும். பத்து அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900. இது உருண்டு சமமான கட்டைக்கு. முதல் ஓட்டத்தில், பாதி பட்டையும் ஒரு பக்கம் கனமுமாக இருக்கும் பச்சைக்கட்டைக்கு 300, 400க்கு மேல் போகவே கூடாது. பழைய பட்டறை லேத்துகளில் பெல்ட்டை மாற்றினாலும் இவ்வளவு கீழே வராது. கட்டில்காலுக்குக் கட்டியவை அவை. ஒரு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை ஏற்றி இறக்கும் மின்கருவி) போட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். அதற்கு மூன்று ஃபேஸ் மோட்டார் வேண்டும், ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் அதைக் கட்டினால் புகைதான் வரும்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. வேட்டி, கைலி, தோளில் துண்டு எதுவும் லேத் அருகே வேண்டாம். கையில் கட்டிய சாமிக்கயிறு, மோதிரம், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். கையுறையும் கூடாது, துணி சுற்றிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி போதாது, முகம் முழுவதும் மூடும் ஷீல்டு வேண்டும். சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். பறந்தால் அது அந்தக் கோட்டில்தான் பறக்கும்.

உளிக்கு வருவோம். கிண்ணத்துக்கு வேண்டியது கவுஜ் என்று விற்கும் குழிவான உளி, ஹைஸ்பீடு ஸ்டீலில். தச்சு வேலைக்கான குழி உளியை லேத்தில் போடாதீர்கள், கழுத்து முறியும். முனையைச் சாணையில் 55, 60 டிகிரிக்குத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கும் முறை இரும்பு டர்னருக்கு முதலில் விளங்காது. அங்கே டூல் அசையாமல் நிற்கும், நாம் சக்கரம் சுற்றுவோம். இங்கே உளி நம் இடுப்போடு சேர்ந்து நகர வேண்டும். முதலில் டூல்ரெஸ்டைத் தொடுங்கள். அப்புறம் தீட்டிய சரிவை மரத்தின் மேல் படுக்க வையுங்கள். இன்னும் வெட்டாது, உரசும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு பிடியின் வால்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் விளிம்பு கடிக்கும். சரிவு மரத்தை விட்டு விலகாதவரை உளி உங்கள் பேச்சைக் கேட்கும். வெளிப்பக்கம் அடியிலிருந்து வாயை நோக்கி, உள்பக்கம் வாயிலிருந்து அடியை நோக்கி வெட்டுங்கள். மாற்றினால் நார் ஆதரவில்லாமல் பிய்யும்.

பச்சைப் பலாவைக் கடைவது தனி சுகம். உளி பட்டவுடன் மஞ்சள் சீவல் நாடா போல நீளமாகச் சுருண்டு தோளுக்கு மேல் பறக்கும். கட்டையிலிருந்து தண்ணீர் சுழற்சியில் சிதறி ஷீல்டில் கோடு போடும். தூளே கிடையாது. காய்ந்த கட்டையைக் கடைந்து இருமிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைக் காட்டினால் போதும், வாதம் வேண்டாம்.

வெளி உருவம் வந்ததும் பட்டைப்பக்கத்து அடியில் சக் (தாடைகளால் கட்டையைக் கவ்வும் லேத் உறுப்பு) பிடிக்க ஒரு குமிழ் விடுங்கள். உங்கள் சக் தாடை பிடிக்கும் அளவைவிடப் பத்து மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். காய்ந்தால் அதுவும் நீள்வட்டமாகும், மறுபடி வட்டமாக்க இடம் வேண்டும். டெயில்ஸ்டாக் முனை குத்திய புள்ளியை அழிக்காதீர்கள், பிறகு அதுதான் வழிகாட்டி. கட்டையைத் திருப்பி, குமிழைச் சக்கில் பிடித்து, உள்ளே குடையுங்கள்.

சுவர் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓரங்குலம். வாயிலும் அடியிலும் ஒரே கனம். அடியில் சோம்பல்பட்டு இரண்டங்குலம் விட்டால் மேலே காய்ந்து கீழே ஈரமாக நின்று இடையில் வெடிக்கும். அளவு பார்க்க வெளிக்காலிப்பர் போதும், லேத்தை நிறுத்திவிட்டு.

குடைந்து முடித்ததும் அடியில் பென்சிலால் மூன்றை எழுதுங்கள்: மரத்தின் பெயர், தேதி, எடை. சமையலறைத் தராசு போதும். எங்கள் வீட்டில் அதற்குத் தனித் தராசு வாங்க வேண்டியதாயிற்று, மாவு அளக்கும் தராசில் பலாப்பால் ஒட்டியிருந்தால் யார் சும்மா இருப்பார்கள்.

இங்கே ஒரு விருப்ப வேலை. பாதி கடைந்த கிண்ணத்தைத் தண்ணீரில் வேகவைக்கலாம். சுவர் கனம் ஓரங்குலத்துக்குக் கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம். வெடிப்பு குறையும், உள்ளிருக்கும் புழுவும் முட்டையும் சாகும். நெல் அவிக்கும் அண்டா எங்கள் வீட்டில் வேலையில்லாமல் கிடந்தது, ஒரே ஈட்டில் நாலு கிண்ணம் கொள்ளும். இரும்புப் பாத்திரத்தில் வேண்டாம், கட்டை கருத்துப்போகும். பலாவை வேகவைத்தால் தண்ணீர் அடர்மஞ்சளாகிவிடும். பௌத்த பிக்குகளின் துணிக்குச் சாயம் போடப் பலாவின் வைரக்கட்டையைக் காய்ச்சி எடுக்கும் வழக்கம் இலங்கையிலும் தாய்லாந்துப் பக்கத்திலும் இருந்திருக்கிறது. வீணாக்குவானேன் என்று என் மனைவி ஒரு பழைய வெள்ளைத் துண்டை அதில் முக்கி எடுத்தாள். இன்றும் பூஜையறையில் அதுதான் கிடக்கிறது. வெந்த கிண்ணத்தைச் சூட்டோடு வெளியே எடுக்காதீர்கள், தண்ணீரிலேயே ஆறட்டும்.

உளுக்கும் மரம் பற்றி: மாவிலும் தூங்குமூஞ்சி வாகையிலும் வைரம் ஏறாத வெளிறு பகுதியில் மாவுச்சத்து அதிகம், வண்டு அதைத் தேடி வரும். கிண்ணத்துக்குக் கீழே மைதா மாதிரித் தூள் கொட்டியிருந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் மரத்தைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டதன் பலன் இந்தச் சத்துக் கரைவதுதான். அலங்காரச் சாமானுக்கு வெங்காரமும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துப் பூசலாம். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அது கூடாது, வேகவைப்பதோடு நிறுத்துங்கள்.

காயவைப்பதில் காலண்டர் முக்கியம். எங்கள் பக்கத்துப் புயல்கள் ஐப்பசி, கார்த்திகையில் வருகின்றன. ஒருவகையில் அது வசதி. அப்போது காற்றிலேயே ஈரம் இருப்பதால் மரம் மெல்லக் காயும். கிண்ணத்தைச் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள், தாள் நமத்தவுடன் மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். தை பிறந்து வாடைக்காற்று வறண்டு வீசத் தொடங்கினால் நேர்மாறு. சிமென்ட் வந்த காகிதச் சாக்கைத் தட்டிவிட்டு, கிண்ணத்தை அதற்குள் போட்டு, அதன் சீவலிலேயே காய்ந்ததை நிரப்பி, வாயை மடக்கி, ஃபேன் படாத மூலையில் வையுங்கள். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் வைக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் வைப்பதுதான் நான் கண்டதில் நல்ல இடம். மரம் ஆடியில் விழுந்திருந்தால் காற்று இன்னும் மோசம், தொடக்கத்திலேயே சாக்குக்குள் போய்விட வேண்டும்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு மெல்ல, பிறகு நிற்கும். நான்கு வாரம் தொடர்ந்து ஒரே எடை என்றால் காய்ந்துவிட்டது. ஓரங்குலச் சுவருக்குப் பெரும்பாலும் நாலைந்து மாதம். கடலோர ஊரில் மரத்தின் ஈரம் 12, 13 சதவீதத்துக்குக் கீழே போகாது, போகவும் வேண்டாம். ஆனால் ஏசி ஓடும் அறையில் வைக்கப் போகிற பிள்ளைக்குக் கொடுப்பதென்றால், கடைசி மாதம் அந்த அறையிலேயே வைத்திருந்துவிட்டுக் கடையுங்கள்.

காய்ந்த பலாக் கிண்ணம் ஒன்றை அளந்தேன். கடைந்தபோது எல்லாப் பக்கமும் 250 மி.மீ. இப்போது நாரின் போக்கில் 250, குறுக்கே 242. ஆசாரி கையில் வாங்கித் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "நான் சொன்னேன்ல, கோணிக்கும்னு." கோணத்தான் செய்தது. எட்டு மில்லிமீட்டர் கோணலை எடுக்கத்தான் ஓரங்குலச் சுவர் விட்டது என்று காலிப்பரை வைத்துக் காட்டினேன். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வெடிப்புத் தேடினார். கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டுக் கொய்யாக் கிளையைத் தூக்கிக்கொண்டு வந்தார், பேரனுக்குப் பம்பரம் வேண்டுமாம்.

இரண்டாம் கடைசல் எளிது. சக்கில் ஒரு வட்டமான மரத்துண்டைப் பிடித்து, மேலே ரப்பர் பாய்த் துண்டு வைத்து, கிண்ணத்தின் வாயை அதன்மேல் கவிழ்த்து, டெயில்ஸ்டாக் முனையைப் பழைய புள்ளியில் நெருக்குங்கள். முதலில் குமிழை வட்டமாக்குங்கள். அப்புறம் வெளிப்பக்கத்தை முடித்துவிட்டு, குமிழைச் சக்கில் பிடித்து உள்ளே. இப்போது சுவர் எட்டு மி.மீ. வரை வரலாம். இந்த முறை தூள் பறக்கும், மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள். பூஞ்சை ஓடிய மாங்கட்டைக்கு இரட்டிப்புக் கவனம். கடைசிச் சீவலுக்கு முன் உளியை ஒருமுறை தீட்டுங்கள். அந்த இரண்டு நிமிடம் உப்புத்தாளில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

உப்புத்தாள் 120, 180, 240, 320. ஒன்றைத் தாண்டி ஒன்று போகாதீர்கள், முந்தைய எண் விட்ட கோடு எண்ணெய் பட்டவுடன் எழுந்து நிற்கும்.

பூச்சுக்கு எல்லோரும் தேங்காய் எண்ணெயை எடுக்கிறார்கள். அது மரத்தில் காயாது, தொட்டால் கையில் வந்துகொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் கெட்டியாகும். சாப்பாட்டுக் கிண்ணம் என்றால் எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெயே வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் 'பாயில்டு' என்று தருவதில் சீக்கிரம் காய உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். மெல்லியதாகத் தடவி, அரை மணி நேரம் விட்டு, மிஞ்சியதைத் துடைத்து, ஒரு வாரம் காயவிட்டு மறுபடி. மூன்று பூச்சு. பிறகு தேன்மெழுகு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருண்ட துணி தானாகவே தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

நிறம் வேண்டும் என்றால் அரக்கு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானிலும் கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மையிலும் இருப்பது அதுதான். நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் படியும். தாழை ஓலையை மடித்து அதன்மேல் ஓட்டினால் பரவிப் பளபளக்கும். சின்ன வழவழப்பான சாமானுக்கு அருமை. பெரிய கிண்ணத்துக்கு, அதுவும் பலா ரேகை தெரிய வேண்டிய கிண்ணத்துக்கு, நான் போடமாட்டேன்.

கழுவும்போது ஒரு நிமிடத்தில் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். சிங்க்கில் ஊறப்போடக் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது, பாத்திரம் கழுவும் மெஷின் கூடவே கூடாது. ரசம், மோர்க்குழம்பு ஊற்றாதீர்கள். சுண்டல், முறுக்கு, வெற்றிலைபாக்கு, பழம் வைக்கலாம். நிறம் வெளிறினால் அதே ஆளிவிதை எண்ணெயில் ஒரு துடைப்பு போதும்.